திருப்பி வைத்த அட்டை

மூன்று அண்ணன்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண் அவள். கணவன் இறந்த பிறகு நடு அண்ணன் வீட்டு மாடியறையில் குடியிருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் டீச்சர். உண்மையில் அவள் டீச்சர் இல்லை. மருந்துக்கடைக்கு மேலே இருந்த இங்கிலீஷ் பயிற்சி நிலையத்தில் விடைத்தாள் திருத்துகிறவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் தாள்கட்டையும் சிவப்புப் பேனாவையும் வீட்டுக்கு எடுத்து வந்தாள். அதைப் பார்த்துவிட்டு மூத்த அண்ணன் மகள், "அத்தை டீச்சராயிட்டாங்க" என்றாள். இல்லை என்று சொல்ல அப்போது வாய் வரவில்லை. ஒன்பது வருஷம் ஓடிவிட்டது, பிறகும் வரவில்லை.

திருத்துவதற்கு இங்கிலீஷே வேண்டியதில்லை. தாளில் நாற்பது கேள்வி. ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் எதிரே இரண்டு கட்டம். பின்னால் 'டு' சேர்ந்து வருமென்றால் இடப்பக்கம் டிக், 'இங்' சேர்ந்து வருமென்றால் வலப்பக்கம் டிக். வான்ட் என்றால் டு, என்ஜாய் என்றால் இங் என்று படிக்கிறவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அவளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. நிலையத்துச் சார் நாற்பது ஓட்டை போட்ட அட்டை ஒன்றைத் தந்திருந்தார். தாள்மேல் அதை வைத்தால், ஓட்டை வழியே டிக் தெரிவது சரி, தெரியாதது தப்பு. அட்டையின் நல்ல பக்கத்தில் சார் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

நடு அண்ணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். தலைமை நர்ஸாக வேண்டுமானால் மாதக் கடைசிக்குள் இங்கிலீஷ் சர்டிபிகேட் காட்ட வேண்டும் என்றார்கள். நாற்பத்தாறு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு அதே நிலையத்தில் போய்ச் சேர்ந்தாள். பாத்திரம் துலக்கும்போதும் துணி மடிக்கும்போதும் மனப்பாடம்தான். பரீட்சை எழுதினாள். வந்த மார்க் ஆறு. வகுப்பில் குறட்டை விட்ட லாரிக்காரருக்கு முப்பத்தொன்று.

அண்ணி தாளோடு மாடியேறி வந்தாள்.

"என்ஜாய்க்கு இங்தானே போட்டிருக்கேன் டீச்சர்? தப்புன்னு இருக்கே."

அவள் தாளை வாங்கிப் புரட்டினாள். "அது... விதிவிலக்கு அண்ணி."

"வான்ட்டுமா?"

"அதுவும்தான்."

"நான் ஒரு மரமண்டை. நரம்பே தெரியாத கையில ஊசி போடுறேன், இது மட்டும் ஏற மாட்டேங்குது. நல்லவேளை, நீ வீட்லயே இருக்கே. கடைசி நாளைக்கு முந்தி மறுபரீட்சை ஒண்ணு உண்டாம், அதுலயாவது பாக்கலாம்."

அண்ணி அந்த விதிவிலக்குகளை நோட்டில் குறித்துக்கொண்டாள். ஒரு வாரம் சரியாகத் தெரிந்ததையெல்லாம் அழித்து அழித்துத் தப்பாக உருவேற்றினாள். மாடிப்படி வழியே அந்தக் குரல் தினமும் மேலே வந்தது.

அடுத்த சனிக்கிழமை அடுத்த தாள்கட்டைத் திருத்த நிலையத்தில் தன் மேஜை இழுப்பறையைத் திறந்தாள். அட்டை மல்லாந்து கிடக்க வேண்டியது, குப்புறக் கிடந்தது. சிவப்பு மையைக் காணோம். அந்த இழுப்பறையில் அவளைத் தவிர வேறு யாரும் கை வைப்பதில்லை. போன வாரம் எப்படி வைத்துத் திருத்தினாளோ அப்படியே எடுத்து உள்ளே போட்டிருக்கிறாள். அட்டை திரும்பினால் இடம் வலமாகும், வலம் இடமாகும்; சரியெல்லாம் தப்பாகும், தப்பெல்லாம் சரியாகும். இங்கிலீஷ் அரைகுறையாகத் தெரிந்தவள்கூட இரண்டாவது தாளிலேயே கண்டுபிடித்திருப்பாள். அவள் பன்னிரண்டு தாளையும் திருத்தி முடித்திருந்தாள்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். அண்ணி வார்டு வாசலில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உங்க மார்க் ஆறு இல்ல. முப்பத்துநாலு. அட்டையைத் திருப்பி வெச்சுத் திருத்திட்டேன்."

அண்ணியின் முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது. "அப்போ விதிவிலக்குன்னு சொன்னியே?"

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது அண்ணி. ஓட்டையைப் பார்த்து எண்ணத்தான் தெரியும்."

"ஒரு வாரமா நான் கத்திக்கிட்டிருந்தது மேல கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு."

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா நான் உன்னை என்ன சொல்லியிருக்கப் போறேன்?"

அடித்திருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சார்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"நாளைக்கு மறுநாள் கடைசி நாள். இங்க நின்னு அழுது என்ன பிரயோஜனம்? போ."

சார் எல்லாத் தாளையும் தானே உட்கார்ந்து திருத்தினார். அண்ணியின் சர்டிபிகேட்டில் அன்றைக்கே கையெழுத்தும் போட்டார். பிறகு போனை அவள் பக்கம் தள்ளினார். "மத்த பதினோரு பேருக்கும் நீங்களே சொல்லிடுங்க."

புது மார்க்கில் தேறியவர்களுக்குச் சொல்வது சுலபமாக இருந்தது. லாரிக்காரரைக் கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தாள்.

"உங்க மார்க் முப்பத்தொண்ணு இல்லைங்க. ஒன்பது."

"எனக்கே சந்தேகம்தாம்மா" என்றார் அவர். "கண்ணை மூடிக்கிட்டுத்தான் டிக் போட்டேன். ஆனா என் சம்சாரம் நம்பிட்டா. அவங்க அப்பா, சித்தப்பா, ஒருத்தர் பாக்கியில்ல, எல்லாருக்கும் போன் போட்டுட்டா. நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? இருங்க, நீங்களே சொல்லிடுங்க."

போன் கை மாறியது. "நிலையத்துலேர்ந்தா பேசுறீங்க? நல்லா இருப்பீங்க" என்றது ஒரு பெண்குரல். "எதுக்கும் லாயக்கில்லன்னு இவரை எங்க அப்பா வாய் ஓயாம பேசுவாருங்க. இப்பத்தான் வாயடைச்சுப் போயிருக்காரு."

அந்தப் பெண் மூச்சு வாங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். பிறகு, "அக்கா, உங்க வீட்டுக்காரர் மேல தப்பில்ல. நான் பண்ணினது" என்று ஆரம்பித்தாள்.