அருவித் தண்ணீரும் தண்ணீர்தான்

பவுடர்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. காலை அவசரத்தில் பவுடர் போட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் வந்து கைக்கண்ணாடியில் பார்த்தேன். நெற்றியிலும் கன்னத்திலும் ஒழுங்காகப் படிந்த பவுடர், முகவாயில் மட்டும் புள்ளி புள்ளியாகத் தங்கியிருந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால் சின்னச் சின்னக் குழிகள். சாத்துக்குடித் தோல் மாதிரி இருந்தது.

எலக்ட்ராலிசிஸ் (ஒவ்வொரு மயிர்க்காலிலும் மெல்லிய ஊசியை இறக்கி, மின்சாரத்தால் வேரைப் பொசுக்கும் சிகிச்சை) செய்துகொண்டு தோல் மாறிப்போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். செய்துகொள்ள யோசிப்பவர்களும் படிக்கலாம். பயமுறுத்துவது என் நோக்கம் இல்லை. இதனால் நன்றாக ஆனவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்கள் கட்டுரை எழுதிக்கொண்டிருக்காமல் நிம்மதியாக இருக்கிறார்கள்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. வீடு தென்காசிப் பக்கம் மேலகரத்தில். பக்கத்திலேயே ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். கல்லூரியில் படிக்கும்போதே பி.சி.ஓ.டி. (சினைப்பையில் சிறு கட்டிகள் தோன்றி, ஹார்மோன் தாறுமாறாகும் கோளாறு) வந்துவிட்டது. மாத்திரைக்கு மற்றதெல்லாம் அடங்கியது, முகவாய் முடி மட்டும் அடங்கவில்லை. திரெடிங் செய்தால் நாலு நாள் நிம்மதி, பிறகு கறுப்பு முனை எட்டிப்பார்க்கும். கணவருக்கு முன்னால் நான் எழுந்துவிடுவது கோலம் போடுவதற்காக என்றுதான் தெருவே நினைத்தது. கோலம் ஐந்து நிமிட வேலை. மீதி நேரம் முடி பிடுங்கும் பிளக்கரும் கண்ணாடியும்தான்.

தென்காசியில் ஒரு அழகு நிலையத்தில் எலக்ட்ராலிசிஸ் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒரே இடத்தில் மறுபடி ஊசி போட இடைவெளி வேண்டும் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். என்னிடம் இருந்ததோ கோடை விடுமுறை மட்டும்.

“பள்ளிக்கூடம் திறக்கதுக்குள்ள முடிச்சிர முடியுமா?” என்று கேட்டேன்.

“முடிச்சிரலாம்க்கா” என்றாள்.

அப்படித்தான், விடுமுறை முடிவதற்குள் இடைவெளி விடாமல் வலது பக்கம் முழுவதும், இடது பக்கம் பாதியும் முடிந்தது. ஊசி போட்ட இடமெல்லாம் கடுகளவு பொருக்கு. அது தானாக உதிரும்வரை முகத்தில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் சென்னையிலிருந்து மதினி வந்தார். கணவரின் அக்கா. சாரல் ஆரம்பித்து, அருவியில் தண்ணீர் கொட்டத் தொடங்கியிருந்த நேரம். சீசனுக்கு வந்த விருந்தாளியைத் தனியாகக் குளிக்க அனுப்புவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. கூடவே போய், கூடவே நனைய வேண்டும்.

குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுகூட முகத்தில் படாமல் நான் பார்த்துக்கொண்டேன். ஆனால் நாங்கள் அருவித் தண்ணீரைத் தண்ணீர்க் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்களுக்கு அது மருந்து. சிரங்கு, வேனல் கட்டி, சுளுக்கு எது வந்தாலும் அருவியில் காட்டித்தான் வளர்ந்தோம்.

ஐந்தருவியில் மதினி என்னை முன்னால் தள்ளினார். “ஏட்டி, ஓரமா நிக்காத. மூஞ்சிய நல்லாக் காட்டு. மூலிகைத் தண்ணி, ஒரு குளியல்ல எல்லாம் ஆறிரும்.”

காட்டினேன். தண்ணீர் முகத்தில் அறை அறையாக விழுந்தது. வெளியே வந்து தொட்டுப் பார்த்தால் ஒரு பொருக்குகூட இல்லை, முகவாய் வழவழவென்று இருந்தது. “பாத்தியா!” என்றார் மதினி. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வழவழப்பு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. முதலில் சிவந்தது, அப்புறம் கறுத்தது. செல்போனின் முன் கேமராவில் பார்த்துத் தேற்றிக்கொண்டேன். அந்தக் கேமரா தானாகவே முகத்தை மெழுகிக் காட்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. கடைசியில் பவுடர்தான் உண்மையைச் சொன்னது.

கணவரிடம் காட்டினேன். “எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்றார்.

“வெளிச்சத்துல பாருங்க.”

“நீ ஏன் வெளிச்சத்துல போய் நிக்க?”

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருநெல்வேலியில் தோல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். பொருக்கு எப்படி உதிர்ந்தது என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“அருவித் தண்ணியும் தண்ணிதாம்மா. அவ்வளவு வேகத்துல விழுந்தா பச்சைப் புண்ணு என்னத்துக்கு ஆகும்?”

இடைவெளி இல்லாமல் சுட்டது ஒரு காரணம், பொருக்கைப் பிய்த்தது இன்னொன்று, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். இருப்பது அட்ரோபிக் வடு (தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் குறைந்து பள்ளமாகிவிடும் தழும்பு). கறுப்பு மங்கிவிடும், பள்ளம் ஓரளவு தூரும், பழையபடி ஆகும் என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்றார். தோல் முதலில் ஆற வேண்டும். அதுவரை ஊசி, திரெடிங், பிளக்கர், வேக்ஸ் எதுவும் கூடாது. கத்தரிக்கோலால் முடியின் முனையை வெட்டிக்கொள்ளலாம். மாஸ்க்கும் போடக்கூடாது, வேர்த்து உரசும்.

“எத்தனை நாளைக்கு டாக்டர்?”

“நாள்கணக்கு இல்லம்மா, மாசக்கணக்கு.”

திரும்பும்போது பஸ்ஸில் ஆலங்குளம் வரும்வரை அழுதேன். அன்று மட்டும் மாஸ்க் போட்டிருந்தேன். முடியை எடுத்தால் தோல் போகும். தோலைக் காப்பாற்றினால் முடி வளரும். பாதியில் நின்ற இடது பக்கத்தில் அது இப்போதே தலைகாட்டத் தொடங்கியிருந்தது. எதிலிருந்து தப்பிக்க ஊசிக்குப் போனேனோ அதையே வளர்த்துக்கொண்டு, இந்தக் குழிகளையும் சுமந்துகொண்டு வகுப்பில் நிற்க வேண்டும்.

நின்றேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்து காதால் மட்டும் ஏறாது. டீச்சரின் வாய் எப்படிக் குவிகிறது, நாக்கு எங்கே போகிறது என்று பார்த்துத்தான் சொல்வார்கள். நாற்பது கண்களும் என் முகவாய்க்கு ஒரு விரல் மேலேதான் நிலைத்திருக்கும். ஒரு நாளில் இத்தனை முறை என் வாய் பார்க்கப்படுகிறது என்பது அதுவரை எனக்கு உறைத்ததே இல்லை.

பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் ஒரு தாய் கேட்டாள், “மிஸ், இது ஒட்டுவாரொட்டியா?” இரண்டு நாள் கழித்துத் தாளாளர் கூப்பிட்டார்.

“பேரண்ட்ஸ் நாலஞ்சு பேரு கேக்காவ டீச்சர்.”

“இது ஒட்டாது சார். டாக்டரே சொல்லிட்டாங்க.”

“எனக்குத் தெரியுது. அவங்களுக்கு யாரு போய்ச் சொல்ல? மாஸ்க் போட்டீங்கன்னா கிளாஸ்லயே இருங்க. இல்லன்னா கொஞ்ச நாளைக்கு ஆபீஸ்ல அட்மிஷன் வேலையப் பாருங்களேன். சம்பளம் அதேதான்.”

மாஸ்க் போட்டால் தோல் கெடும், பிள்ளைகளுக்கும் வாய் தெரியாது. போடாவிட்டால் வகுப்பே இல்லை. சத்தம் போட வேண்டும் போல் இருந்தது. வகுப்பா தோலா என்ற கேள்விக்குத் தோல் என்று சொல்ல ஒரு டீச்சருக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தும் தோல் என்றுதான் சொன்னேன்.

இப்போது ஆபீஸில் இருக்கிறேன். தலைக்கு மேல் மின்விசிறி. வேர்ப்பதில்லை, வெயில் படுவதில்லை. உள்ளதைச் சொன்னால், இந்த அறைதான் என் தோலைத் தேற்றிக்கொண்டிருக்கிறது. கறுப்பு மங்கிவிட்டது. வலது பக்கக் குழிகள் கொஞ்சம் மேலே வந்திருக்கின்றன, அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் என் வகுப்பு. புது டீச்சர் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்வது கேட்கும். யார் முந்துகிறார்கள், யார் இழுக்கிறார்கள் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவேன்.

உங்களுக்கும் மாதக்கணக்கு என்று சொல்லியிருப்பார்கள். அதை நாளாகப் பிரித்து எண்ணாதீர்கள், நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். முடி வாரத்துக்கு வாரம் வளர்கிறது. தோலுக்கு ஒரு பருவம் முழுவதும் வேண்டியிருக்கிறது. பிள்ளைகளோ நாளுக்கு நாள் வளர்கிறார்கள். ஒரே உடம்புக்குள் இரண்டு வேகம், வெளியே மூன்றாவது வேகம். என் முகம் ஆறி முடியும்போது அவர்கள் இரண்டாம் வகுப்புக்குப் போயிருப்பார்கள்.

போன வாரம் சாக்பீஸ் வாங்க இசக்கியம்மாள் வந்தாள். வகுப்பிலேயே சின்னவள். பக்கத்தில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள். கையை நீட்டி இடது முகவாயைத் தடவினாள். பல மாதங்களாகக் கையுறை போட்ட விரல்களைத் தவிர வேறு யாரையும் அங்கே தொட விட்டதில்லை. நான் அசையவில்லை.

“எங்கப்பா நாடி மாதிரி குத்துது மிஸ்” என்றாள்.

“ஆமாட்டி, குத்தத்தான் செய்யும்” என்றேன். சிரிப்பு வந்துவிட்டது.

சாக்பீஸ் டப்பாவை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவள், கதவுக்கு மேலிருந்த பலகையை அண்ணாந்து பார்த்து நின்றாள். பிறகு விரலை நீட்டி, எழுத்து எழுத்தாக, தடுமாறாமல் வாசித்தாள்: “அ… லு… வ… ல… க… ம்.”

நான் அவளுக்கு உயிரெழுத்து வரைதான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.