கட்டைவிரல் நுழைந்த தோல்

காதர் ராவுத்தர் இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர், அவருடைய தோல் வண்டியை ஓட்டும் மாரப்பன். வெள்ளிக்கிழமை காலை, மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"ராவுத்தரு போயிட்டாருங்க வாத்தியாரே. ஜும்மா தொழுகை முடிஞ்சு எடுக்கறாங்க. உங்களுக்குச் சொல்லச் சொன்னாங்க."

"யார் சொல்லச் சொன்னது?"

"அவரேதானுங்க. நாலு நாளைக்கு முந்தியே சொல்லி வெச்சாரு. 'நான் போனா வாத்தியாருக்குச் சொல்லு. வரட்டும்னு சொல்லல, தெரியட்டும்னு சொல்றேன்' அப்படின்னாரு."

அதுதான் ராவுத்தர். சாகும்போதும் என்னிடம் ஒரு குத்தல் வார்த்தை சொல்லாமல் போக அவருக்கு மனம் வரவில்லை. நான் அடக்கத்துக்குப் போனேன். போகாமல் இருந்தால் அவர் ஜெயித்தது போல் ஆகிவிடும் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்ப் பெரியவர்களான நீங்கள் இரங்கல் கூட்டம் போட்டீர்கள். தங்கமான மனிதர், தர்மவான், குழந்தைகளின் காவலர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசினீர்கள். நான் வாய் திறக்கவில்லை. பிறகு, பள்ளிக்கூடத்தில் அவர் படத்தை மாட்டப் போகிறோம், தலைமை ஆசிரியர் என்ற முறையில் நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். கேட்டது உங்கள் தவறு. எழுதுகிறேன்.

ராவுத்தருக்கும் எனக்கும் ஆகாது. இது ஊரறிந்த விஷயம். எப்படி ஆகாமல் போயிற்று என்பதை மட்டும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அதில் உங்கள் பங்கும் இருக்கிறது.

நம் பள்ளிக்கூடம் காவேரிக்குக் கீழ்க்கரையில், சேலம் ஜில்லாவில். மேல்கரை கோயமுத்தூர் ஜில்லா. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தில் வேறு பள்ளிக்கூடம் இல்லாததால் பரிசலேறி நம் பள்ளிக்கு வந்தார்கள். பரிசல் துறையை வருஷா வருஷம் ஏலம் விடும் ஜில்லா போர்டு, பள்ளிப் பிள்ளைகளை இலவசமாகக் கடத்திவிட வேண்டும் என்று குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தது. பிள்ளைகளின் பிரயாணத்தைப் பற்றிச் சர்க்கார் கொண்டிருந்த கொள்கை முழுவதும் அந்த ஒரு வரிதான். இலவசம் என்பதால் குத்தகைதாரர் காசு கொடுக்கிறவர்களையும் அவர்களுடைய ஆடுகளையும் கூடைகளையும் முதலில் கடத்துவார். மிச்சமிருக்கும் ஒரே நடையில் பிள்ளைகள் அத்தனை பேரையும் அடைத்துக் கொண்டுவருவார். பரிசலுக்கு எத்தனை பேர், அடித்தோலை எப்போது மாற்றுவது, இதெல்லாம் பத்திரத்தில் கிடையாது.

ராவுத்தர் தோல் வியாபாரி. பரிசலுக்கு அடியில் போர்த்தித் தைக்கும் எருமைத் தோல் அவருடைய கடையிலிருந்துதான் போகும். ஒரு நாள் துறையில் கவிழ்த்து வைத்திருந்த பரிசலின் அடியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தவர், பிள்ளைகளைப் பெற்றவர்கள் நாலைந்து பேர் நிற்கும்போது என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, நீங்க ஒருக்காவாச்சும் இந்தப் பரிசல்ல ஏறியிருக்கீங்களா?"

நான் கீழ்க்கரைக்காரன். ஏறியதில்லை. எனக்குத் தண்ணீர் என்றால் பயம், அதை ஊருக்குச் சொல்ல விருப்பமும் இல்லை. திரும்பி நடந்துவிட்டேன். முதுகுக்குப் பின்னால் யாரோ சிரித்தது மட்டும் காதில் விழுந்தது.

கொஞ்ச நாளில் ராவுத்தர் போர்டுக்கு ஒரு மனுப் போட்டார். இரண்டே கோரிக்கை. ஆடி வெள்ளம் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் பரிசலுக்குப் புதுத் தோல் போட வேண்டும், அதை ஒரு அதிகாரி வந்து பார்க்க வேண்டும். பிள்ளைகளைத் தனி நடையாக, எண்ணி ஏற்ற வேண்டும். மனு மேல் அபிப்பிராயம் கேட்கப் போர்டு மெம்பர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நீங்களும் கூட வந்திருந்தீர்கள். அவர் என்னைத்தான் முதலில் கேட்டார்.

நான் சொன்னது இது: "தோல் வியாபாரி தோலை மாற்றச் சொல்லாமல் வேறு எதை மாற்றச் சொல்வார்?"

எல்லாரும் சிரித்தீர்கள். மெம்பர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், அதையே தம் அறிக்கையிலும் எழுதிக்கொண்டார். மனுதாரருக்குச் சொந்த லாபம் இருப்பதால் மனு தள்ளப்பட்டது என்று பதில் வந்தது. எனக்கு அன்று வயிறு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே குளிர்ந்தது.

அந்த வாரச் சந்தையில், எல்லாரும் கூடியிருந்த இடத்தில், ராவுத்தர் எழுந்து நின்றார். "என் லாபத்துக்குத்தான் கேட்டேன்னு சொல்லிட்டீங்க. சரிங்க. இனி என் கடைத் தோலு ஒண்ணுகூடப் பரிசலுக்குப் போகாது. இது அல்லா மேல ஆணை" என்றார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நல்ல தோல் அவர் கடையில் அடுக்கிக் கிடந்தது. குத்தகைதாரர் அவரிடம் போய்க் கெஞ்சவில்லை. எங்கிருந்தோ, செத்த மாட்டை உரித்து அரைகுறையாக உப்புப் போட்ட தோலை மலிவாக வாங்கித் தைத்துக்கொண்டார். அதை யாரும் அழுத்திப் பார்க்கவில்லை. அழுத்திப் பார்க்கத் தெரிந்த ஒரே மனிதர் துறைப் பக்கமே வருவதை நிறுத்திவிட்டார்.

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட ஆடி மாதம் அது. பிள்ளைகள் அத்தனை பேரோடும் பரிசல் நடு ஆற்றைத் தாண்டி வரும்போது அடி கிழிந்தது. இந்தக் கரையில் வயலில் இருந்தவர்கள் குதித்து ஒவ்வொரு பிள்ளையாக இழுத்துப் போட்டார்கள். பாவாயி மட்டும் கிடைக்கவில்லை. மூன்றாம் வகுப்பு. ஏழாம் வாய்ப்பாட்டில் எப்போதும் தடுக்குவாள், தடுக்கினால் தானே சிரிப்பாள். இரண்டு நாள் கழித்து நாணலில் ஒதுங்கியிருந்தாள்.

அவளைக் கண்டெடுத்த அன்று சாயங்காலம் ராவுத்தர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கிழிந்த பரிசலிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்து வந்திருந்தார். அதை என் மேஜை மேல் வைத்தார்.

"அழுத்திப் பாருங்க."

அழுத்தினேன். என் கட்டைவிரல் மறுபக்கம் வந்துவிட்டது. ஊறிப்போன அப்பளத்தில்கூட அதைவிடப் பலம் இருக்கும். ராவுத்தர் துண்டை மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

விசாரணை நடந்தது. போர்டு பிள்ளைகளின் பாதுகாப்பை மிகவும் பலமாக யோசித்து ஓர் உத்தரவு அனுப்பியது. ஆற்றைக் கடந்து வரும் பிள்ளைகள் வேறு ஜில்லாவைச் சேர்ந்தவர்கள் என்பதால், அவர்களுடைய பாதுகாப்பை முன்னிட்டு, பதிவிலிருந்து அவர்கள் பெயர்களை உடனே நீக்க வேண்டும். பிள்ளை வராவிட்டால் பிள்ளை மூழ்காது. இத்தனை பெரிய மனிதர்கள் கூடி யோசித்து எட்டிய பாதுகாப்பு அவ்வளவுதான். குத்தகைதாரருக்கு ஓர் எச்சரிக்கை, அதோடு சரி. நான் சிவப்பு மையால் பெயர்களை அடித்தேன். பாவாயி பெயரையும் அந்த உத்தரவின் கீழ்தான் அடிக்க வேண்டியிருந்தது.

பத்து நாள் கழித்து மேல்கரைப் பிள்ளைகள் பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். பின்னால் ராவுத்தர். சொந்தச் செலவில் ஒரு புதுப் பரிசல் கட்டி, தம் கடையின் நல்ல தோலைப் போர்த்தி, செங்கோடன் என்ற பரிசல்காரரை வைத்து இரண்டு நடையாகக் கூட்டி வந்திருந்தார். அல்லா மேல் போட்ட ஆணை என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"ஆணைய முறிச்சதுக்கு நான் பதில் சொல்லிக்கறேனுங்க. நீங்க ரிஜிஸ்தர்ல எழுத வேண்டாம். பாடம் மட்டும் சொல்லுங்க."

அப்போதுதான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்தத் தோல் அன்றைக்கும் உங்கள் கடையில் இருந்ததே, ராவுத்தரே! உங்கள் ரோஷத்துக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தோமே!" என்று பிள்ளைகள் முன்னாலேயே கத்திவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமாங்க. அதான் எனக்கு உங்களக் கண்டா ஆகறதில்ல. உங்களப் பாக்கறப்பல்லாம் என்னையும் பாக்க வேண்டியிருக்குது" என்றார்.

அவரை இன்றைக்குத் தர்மவான் என்கிறவர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். குத்தகைத் துறைக்கு அருகில் அனுமதியில்லாமல் பரிசல் விட்டார் என்று குத்தகைதாரர் அவர் மேல் வழக்குப் போட்டபோது, போர்டு அதற்குத் துணை நின்றது. ஓட்டைப் பரிசலுக்கு எச்சரிக்கை, நல்ல பரிசலுக்குக் கோர்ட்டு. உங்களில் ஒருவராவது ராவுத்தருக்காகச் சாட்சி சொல்லப் படியேறினீர்களா? என்னைப் போர்டு தன் சாட்சியாகக் கூப்பிட்டது. மேல்கரைப் பிள்ளைகள் அந்தப் பரிசலில்தான் பள்ளிக்கு வருகிறார்களா என்று வக்கீல் கேட்டார். நான் ரிஜிஸ்தரை விரித்துக் காட்டினேன். போர்டு உத்தரவுப்படி பெயர்களை நீக்கியாயிற்று, மேல்கரைப் பிள்ளை ஒன்றுகூட என் பள்ளியில் இல்லை என்றேன். அந்த நேரத்தில் அவர்கள் உதவி ஆசிரியரிடம் பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். வராத பிள்ளைகளைப் பரிசலில் ஏற்றியதாக எப்படிச் சொல்வது? வழக்கு தள்ளுபடியானது.

வெளியே வந்ததும் ராவுத்தர் நன்றி சொல்வார் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். "நல்லாப் பொய் சொல்றீங்க வாத்தியாரே. ஆனா மொதல்ல மெம்பர்கிட்டச் சொன்ன பொய்க்கு இது ஈடாகாதுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியேறினார். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில், யுத்தம் வந்து போனது வரைக்கும், அவர் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. வருஷா வருஷம் ஆனி மாதக் கடைசியில் பரிசலுக்குப் புதுத் தோல் மட்டும் தவறாமல் வந்தது.

அவருடைய மகன்கள் சேலத்தில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார்கள். தோல் கடையை மூடப் போகிறார்கள். நேற்று நான் துறைக்குப் போய்ச் செங்கோடனின் பரிசலைக் கவிழ்க்கச் சொன்னேன். அடியைக் கட்டைவிரலால் அழுத்தினேன். "ராவுத்தரும் இப்படித்தானுங்க, கண்ண மூடிக்கிட்டு அழுத்துவாரு" என்றார் செங்கோடன். தோல் தாங்கியது. ஆனால் இந்த ஆடி வரைக்கும் தாங்காது. பிறகு அந்தப் பரிசலிலேயே ஏறி மேல்கரைக்குப் போய்த் திரும்பினேன். போக வர இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர் கேட்ட கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்ல, கேட்டவர் இல்லாமல் போன பிறகுதான் எனக்கு அந்தத் தைரியம் வந்தது.

நட்பு, ஆசி, நல்ல வார்த்தை எதையும் அவர் எனக்கு விட்டுப் போகவில்லை. மன்னிக்கவும் இல்லை. அவர் மன்னிக்காததையும் அவர் வெட்டித் தந்த அந்தத் தோல் துண்டையும் நான் வைத்திருக்கிறேன். இரண்டும் எனக்கு வேண்டும்.

அவருடைய பழைய மனுவை, ஓர் எழுத்து மாற்றாமல், திரும்ப எழுதியிருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு புதுத் தோல், பிள்ளைகளுக்குத் தனி நடை. படம் திறக்கும் நாளில் மேஜை மேல் அந்த மனு இருக்கும். பக்கத்தில் தோல் துண்டும் இருக்கும். மாலை போட வருகிற ஒவ்வொருவரும், கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நேரத்தில், அதில் இருக்கும் ஓட்டையில் உங்கள் கட்டைவிரலை நுழைத்துப் பாருங்கள். அது என் விரல் போட்ட ஓட்டை. உங்களுக்கும் சரியாக இருக்கும்.