நான் எழுதாத பரீட்சை

பிரான்சில் ஒரு பண்ணை வீட்டை இரண்டு கிழமைக்கு வாடகைக்கு எடுத்தவர் என் மனைவியின் அண்ணன். லண்டனில், ஹரோவில் இருக்கிறார், கணக்காளர். நாங்கள் இல்ஃபோர்ட்டிலிருந்து அரிசி மூட்டை, மிளகாய்த்தூள், ரைஸ் குக்கர் எல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். எனக்கு அந்த வீடு பிடித்திருந்தது. கல்லால் கட்டிய பழைய வீடு, சுற்றிவர அறுவடை முடிந்த வயல். வலிந்து பேச வேண்டிய அயலவர் ஒருவரும் இல்லை.

மூன்றாம் நாள் மதியம் முற்றத்து மேசையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் மகள் ஏ லெவல் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி என்ன எழுதினாள் என்று மச்சான் கேட்டார்.

"அப்பாவில இருந்துதான் தொடங்கினனான், மாமா. இலங்கையில சண்டையால அவர் ஏ லெவல் எழுதேலாமப் போனது, அவருக்காகவும் நான் படிக்கிறன் எண்டு."

மச்சான் பாண் துண்டைக் கோழிக்குழம்பில் தோய்த்தபடி சிரித்தார். "என்ன ஏ லெவலோ? கொப்பர் அஞ்சாம் வகுப்போட கடையில சாமான் கட்டினவர், பிள்ளை. ஏன் மச்சான், உங்கட கடையில சோதினையும் வைச்சவங்களோ?"

மேசையைச் சுற்றிச் சிரிப்பு. மகள் மட்டும் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் என் தட்டைப் பார்த்தேன்.

அந்தப் பொய்யை முதலில் சொன்னவர் எங்கள் கலியாணத் தரகர். கலியாணமாகி ஒரு கிழமைக்குள் நான் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று அவள் என் கையைப் பிடித்துச் சொன்னாள். பிறகு மகள் படிக்கச் சோம்பல்படும் போதெல்லாம், நான் எழுதாததை நீ எழுது என்று நானே அந்தப் பொய்யை எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்ததுபோல் ஆகிவிட்டது.

குசினியில் மனைவி சட்டி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணைக்கு எப்ப சொன்னீர்?" என்று நான் கேட்டேன்.

"கலியாணம் முடிஞ்ச மாசமே. அண்ணை கேட்டவர். நான் என்னெண்டு மறைக்கிறது?"

"சொல்லமாட்டன் எண்டீரே."

"என்ர அண்ணைதானே. பிறத்தியோ?"

அப்படியென்றால் நான் யார் என்று கேட்காமலே வெளியே வந்தேன். ஹரோவில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் மச்சான் ஆட்களுக்கு நடுவில், "நீங்கள் சொல்லுங்கோ மச்சான், படிச்ச ஆள்" என்பார். அதை நான் மரியாதை என்று நினைத்து, கூச்சத்தோடு இரண்டு வார்த்தை பேசியிருக்கிறேன். இருபது வருடமாக அவர் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற இவளும் தெரிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றிலிருந்து நான் மனைவியோடு பேசவில்லை.

மகள் அன்று பின்னேரம் என்னிடம் வந்தாள்.

"அஞ்சாம் வகுப்பெண்டு சொல்லியிருந்தா நான் அதையே எழுதியிருப்பன், அப்பா. எனக்கு அதில வெக்கமில்லை. இப்ப நான் பொய்யெல்லோ எழுதிக் குடுத்திருக்கிறன்."

மனைவி எனக்குச் செய்ததை நினைத்து வெந்துகொண்டிருந்தவன், நான் மகளுக்குச் செய்ததை அப்போதுதான் கண்டேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கத் தெரியாமல் நின்றேன். அவள் கொஞ்சம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ரிசல்ட்ஸ் வந்தபோதும் நாங்கள் அங்கேதான் இருந்தோம். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. மகள் போனோடு காலையிலேயே வீதியோரக் கேற்றடிக்குப் போனாள். நான் வாசலில் நின்றேன். அவள் திரும்பி ஓடிவந்தாள். முகத்தில் சந்தோசம் தெரிந்தது. நான் இரண்டு அடி முன்னால் வைத்தேன். அவள் என்னைக் கடந்து உள்ளே போய் மாமாவிடம் போனை நீட்டினாள். அவர் பெரிய சத்தமாக வாழ்த்தியது வெளியே கேட்டது.

என்ன புள்ளிகள் என்று நான் குசினிக்குப் போய், அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக, மனைவியிடம் கேட்டேன்.