வெளிக்கிட்ட பிரபு

ஹேர்னிங் என்ற டெனிஷ் ஊரில் தையல் தொழிற்சாலைக்குப் போன முதல் நாளே அவரைக் கண்டுவிட்டேன். எனக்கு முன் மெசினில் இருந்த யூகோஸ்லாவியப் பெண், பழைய கலண்டரில் வெட்டிய படமொன்றைச் சுவரில் குத்தியிருந்தார். வெள்ளைக் குதிரை, தாடி, ஓங்கிய வாள். மன்னாரில் பிறந்த கத்தோலிக்கப் பெண்ணுக்கு வேறு யார் ஞாபகம் வரும்? குதிரையேறி வாளோடு வரும் எங்கள் புனிதர் சந்தியோகுமையோர்தான். இந்தக் குளிருக்குள்ளும் வந்துவிட்டாரே என்று எனக்கு ஒரே சந்தோசம்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஊரில் பெடியன்களை ரோட்டில் கண்டாலே ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போன காலம். தம்பிக்கு இருபது வயது. அம்மாவைத் தனியே விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். நான் தினமும் மெசினைப் போடுமுன் படத்தைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போடுவேன். "ஐயா, தம்பியை எப்பிடியாவது வெளிக்கிடப் பண்ணும்." எங்கள் பேச்சில் வீட்டை விட்டுப் புறப்படுவதும் வெளிக்கிடுவதுதான், குளித்து நல்ல உடுப்புப் போட்டு ஆயத்தமாவதும் வெளிக்கிடுவதுதான். நான் கேட்டது முதலாவதை.

டெனிஷில் பெரியவர் சிறியவர் எல்லோரும் 'டூ'தான், அதாவது 'நீ'தான். நான் மட்டும் அந்தப் பெண்ணை மனதுக்குள் அக்கா என்று வைத்திருந்தேன். படத்தை நான் தொடுவதைப் பார்த்து அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு நாள் கேக் செய்து கொண்டுவந்து தந்தார். ஏன் தொடுகிறாய் என்று அவரும் கேட்கவில்லை, யாருடைய படம் என்று நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே!

ஒரு நாள் அம்மாவின் கடிதம் வந்தது. "தம்பி வெளிக்கிட்டிட்டான். கொழும்புக்குப் போய் அங்கயிருந்து உன்னட்ட வருவான்." என் வீட்டுக்காரர் வேலையால் வரும்வரை காத்திருக்கப் பொறுக்காமல் கீழ்வீட்டு டெனிஷ் கிழவிக்குக்கூடச் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் ரோல்ஸ் பொரித்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனேன். முதல் ரோலை அக்காவின் கையில் வைத்து, "உங்கட புனிதர் என்ர மன்றாட்டைக் கேட்டிட்டார்" என்றேன்.

"புனிதரோ!" அக்கா கண்ணீர் வரச் சிரித்தார். "ஆள் பொல்லாத கோவக்காரன். பெரிய பிரபு, படைத்தளபதி. ஹங்கேரிக்காரர் தங்கட ஆள் எண்டுவினம். குரோவேஷியர் நாங்கள் எங்கட ஆள் எண்டுவம். ரெண்டும் சரிதான்."

இத்தனை நாளும் ஒரு படைக்காரனையா கும்பிட்டேன்? அக்கா விடவில்லை. அரைகுறை டெனிஷாலும் கையாலும் கதையை ஓட்டினார். இளவயதிலேயே சண்டைக்குப் போனவராம். அரசர் நாட்டின் ஒரு பகுதியையே அவர் பொறுப்பில் விட்டாராம். வீடு நிறையப் பிள்ளைகளாம். கடைசியில் சதுப்புநிலத்துக் கோட்டையொன்றில் கொஞ்சப் படையோடு இருந்தபோது துருக்கியரின் பெரும்படை சுற்றி வளைத்ததாம். ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்தும் அரசரின் உதவி வரவில்லையாம். கோட்டை எரியத் தொடங்கிய அன்று, கவசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பட்டுச்சட்டையும் இறகு வைத்த தொப்பியும் போட்டுக்கொண்டாராம். பிறகு கதவைத் திறக்கச் சொல்லிப் போனாராம். அக்காவுக்கு இரண்டு டெனிஷ் வினைச்சொல் தேவைப்பட்டது. எனக்கு ஒன்றே போதுமாக இருந்தது. வெளிக்கிட்டார்.

"பிறகு?"

"பிறகென்ன? கோட்டை வாசல் பாலத்திலயே செத்திட்டார். கூடப் போன ஆக்களும்தான்."

அன்றைக்கு ஒரு சட்டைக்கையும் ஒழுங்காகப் பொருத்தவில்லை. எல்லாச் சட்டையையும் பிரித்துத் தைத்தேன்.

இரண்டாவது கடிதம் வரப் பல கிழமை எடுத்தது. கொழும்பு பஸ்ஸை வழியில் மறித்துப் பெடியன்களை இறக்கினார்களாம். தம்பியைப் பற்றிய தகவல் அதற்குப் பிறகு இல்லை. இன்றுவரை இல்லை. நான் இங்கே ரோல்ஸ் பொரித்த நாளில் அதெல்லாம் நடந்து முடிந்திருந்தது. அம்மா எழுதியிருந்தா: "நீ தைச்சு அனுப்பின நீலச் சட்டையைப் போட்டு, தலை வாரி இழுத்து, என்ன வடிவா வெளிக்கிட்டவன் தெரியுமே."

அடுத்த நாள் படத்துக்கு முன்னால் நின்று தமிழில் திட்டினேன். மெசின்களெல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. அக்கா ஓடிவந்து என் தோளைப் பிடித்தார்.

"உங்கட ஆளை ஆர் வெளியில போகச் சொன்னது? உள்ளுக்கே இருந்திருக்கலாம்தானே?" என்று டெனிஷில் அவரைக் கேட்டேன்.

"உள்ளுக்கும் எரிஞ்சுகொண்டுதானே இருந்தது" என்றார் அக்கா.

அவர் படத்தைக் கழற்றித் தன் பையில் வைத்துவிட்டார். சுவரில் நான்கு ஊசித் துளைகள் மிஞ்சின. காலையில் என் கை பழக்கத்தில் அங்கேயே போகும். அப்போதெல்லாம் நான் கேட்ட வார்த்தை ஞாபகம் வந்துவிடும். வெளிக்கிட வேணும் என்று மட்டும்தான் அத்தனை நாளும் கேட்டிருக்கிறேன். வந்துசேர வேணும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.