டொக்டர் சொன்ன ‘புட் டவுன்’

என் சின்னம்மா வெள்ளவத்தையில் ஒரு ஃப்ளாட்டில் தன் நாயோடு இருக்கிறார். கணித ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு நாள் காலி வீதி என்னும் பெருந்தெருவில் ஆட்டோ ஒன்று நாயின் பின்னங்காலில் ஏறிவிட்டது. அவரே அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த மிருக வைத்தியரிடம் போயிருக்கிறார். செய்தி கேட்டு நான் கொள்ளுப்பிட்டி அலுவலகத்திலிருந்து ஓடினேன்.

சின்னம்மா வெளியே வாங்கில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். சேலையெல்லாம் இரத்தம்.

“டொக்டர் என்ன சொன்னவர்?”

“மேசையில வச்சுப் பாத்தவர். பிறகு, புட் டவுன் பண்ணுவமா எண்டு கேட்டவர். ஓம் எண்டனான். உயரமான மேசை, துள்ளினா விழுந்திடுமெல்லே. கீழ இறக்கி வைக்கட்டும்.”

டொக்டர் கேட்டது மேசையிலிருந்து இறக்குவதை அல்ல. கதவைத் தட்டாமலே உள்ளே போனேன். உதவியாளர் நாயின் முன்னங்காலில் மயிரை வழித்துக்கொண்டிருந்தார். டொக்டர் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்.

“நிப்பாட்டுங்கோ,” என்றேன்.

“அன்ரி ஓம் எண்டு சொன்னவ,” என்றார் டொக்டர். நல்ல யாழ்ப்பாணத் தமிழ். அதுதான் என்னை அதிகம் எரித்தது. இவ்வளவு தமிழ் வாயில் இருக்க, அதை ஏன் அந்த மனுசியிடம் பேசவில்லை?

“அன்ரிக்கு இங்கிலீஷ் விளங்காதா?” என்று வேறு கேட்டார்.

விளங்கும். போனை வைப்பதும் புட் டவுன்தான். பெயரைப் பதிவதும், பஸ்ஸிலிருந்து ஆளை இறக்கிவிடுவதும், நாலு பேர் முன்னால் ஒருவரை மட்டம் தட்டுவதும் புட் டவுன்தான். இவையெல்லாம் சின்னம்மாவுக்குத் தெரியும். வளர்த்த நாயைக் கொல்வதற்கும் அதே சொல் என்பதை அவர் எங்கே கேட்டிருப்பார்?

சின்னம்மாவை உள்ளே கூப்பிட்டேன். “இப்ப தமிழில சொல்லுங்கோ,” என்றேன்.

டொக்டர் ஊசியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். “ஊசி போட்டா... வலியில்லாம செத்துப்போகும், அன்ரி.”

சின்னம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “காப்பாத்த ஏலாதா?”

“ஏலும். காலை எடுக்கவேணும். உங்கட வயசில அதைப் பாக்கிறது கஷ்டம் எண்டுதான்...”

“என்ர வயசை நான் பாக்கிறன். நீங்க காலை எடுங்கோ.”

அன்று பின்னேரமே எடுத்தார்கள். நாய் பிழைத்தது. முதலில் எழும்பவே தடுமாறியது. இப்போது மூன்று காலில் மொட்டைமாடிப் படியேறி, காகங்களைத் துரத்துகிறது.

தையல் பிரிக்கப் போனபோது டொக்டர் அதன் தலையைத் தடவி, “கெட்டிக்காரன்,” என்றார். சின்னம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வெளியே வந்ததும், “நல்லாத்தான் வைத்தியம் செய்தவர். நீ ஏன் முகத்தை நீட்டிக்கொண்டு நிண்டனி?” என்று என்னைக் கடிந்தார்.

வைத்தியம் நல்லதுதான். ஆனால் நான் கொஞ்சம் பிந்தி வந்திருந்தால், கீழே இறக்கி வைத்த நாயைக் கூட்டிக்கொண்டு போகலாமென்று அவர் அந்த வாங்கிலேயே காத்திருந்திருப்பார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் அடங்குவதில்லை.