கிழக்குக் கோலும் ஒரு டாஸும்

ஞாயிறு மதியம் 2.10. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் ஏறும்போது மச்சான் பாஸ்கர் கையில் ஒரு கால்பந்து. இருவருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். கண்டக்டர் பந்தையும் எங்கள் தொப்பைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆளுக்கு நாற்பது ரூபாய்க்கு டிக்கெட் கொடுத்தார். நாற்பத்தைந்து கிலோமீட்டர். எனக்கோ ஸ்கூல் டூர் போகிற குஷி.

விஷயம் இதுதான். பாஸ்கர் என் மனைவியின் தம்பி. அதற்கு முன்பே காலேஜ் டீமில் என் கோல்கீப்பர், நான் கேப்டன். முப்பது வருஷத்துக்கு முன்னால் கடலூர் ஸ்டேடியத்தில் ஒரு ஃபைனல். கடைசி நிமிஷத்தில் உருண்டு வந்த ஒரு சப்பைப் பந்தை இவன் விட்டுவிட்டான், கோப்பை போயிற்று. கேட்டால் கண்ணில் வெயில் என்பான். போன வருஷம் ஒரு வேலையாகக் கடலூர் போனபோது பார்த்தேன், கோல்கள் வடக்கும் தெற்குமாக நிற்கின்றன. சாயங்கால வெயில் எப்படிக் கண்ணுக்கு நேரே வரும்? அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் "மச்சான் கொட்டாவி விட்டப்ப போன கோலு" என்று ஆரம்பித்துவிடுவேன். போன வாரக் காதுகுத்தில் அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான்.

"நேர்ல போய்ப் பாத்துடலாம் மாமா. நான் சொன்னது பொய்யின்னா, கொட்டாவிதான்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கறேன்" என்றான்.

3.40. புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி வந்து, திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். எண்பது கேட்டவர் அறுபதுக்கு வந்தார்.

"இன்னிக்கு மேட்ச் ஒண்ணும் இல்லியே சார்?"

"முப்பது வருஷமா ஒண்ணு பாக்கி இருக்குங்க" என்றான் பாஸ்கர்.

4.30. ஸ்டேடியத்தில் ஆரோக்கியம் என்பவர் மறுநாள் ஆட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்து அங்கேயே வேலை பார்ப்பவர். பழைய கதையைக் கேட்டதும் வாளியைக் கீழே வைத்தார்.

"நீங்க ஆடுனப்ப இது வெறும் தெடலு சார். கயித்தக் கட்டிட்டு ஜனங்க சுத்தி நின்னு பாப்பாங்க. அப்ப கோலு கெழக்கு மேக்காதான் இருந்துச்சு. கேலரி கட்டி டிராக் போட்டப்பதான் திருப்பிட்டாங்க."

பாஸ்கர் என் தோளைப் பிடித்த பிடியில் வலி உயிர் போயிற்று. ஆரோக்கியம் எங்களைக் கிழக்கே அழைத்துப்போய், கேலரிப் படிக்கு முன்னால் காலால் மண்ணைத் தள்ளினார். தரையோடு அறுத்த இரண்டு இரும்புக் குழாய்கள். பாஸ்கர் எட்டி எட்டி அடி வைத்து இடையே அளந்தான். சரியாக எட்டு கஜம், ஒரு கோலின் அகலம்!

ஆரோக்கியம் விடவில்லை. "வெளியூர்க்காரங்க இங்கதான் ஏமாறுவாங்க. டாஸ் ஜெயிச்சா, வெயிலு முதுகுல இருக்கட்டும்னு மேக்குக் கோல கேட்டுருவாங்க. எங்க பசங்க சிரிச்சிக்கினு கெழக்க போவானுங்க. பாதி ஆட்டத்துல எடம் மாறுனா, வெயிலு நல்லா எறங்கி நேரா இவங்க கண்ணுக்கு வந்துரும்."

அன்று டாஸ் ஜெயித்து, மேற்குக் கோலைக் கேட்டவன் நான். சாமர்த்தியம் என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. பாஸ்கர் என்னைப் பார்த்தான்.

5.15. "நீங்க நில்லுங்க மாமா" என்று என்னை அந்தக் குழாய்களுக்கு நடுவில் நிறுத்தினான். எதிரே மரங்களுக்கு மேல் சூரியன். அவன் உதைத்த சத்தம் கேட்டது, பந்து தெரியவில்லை. என் முழங்காலை உரசிக்கொண்டு, மெதுவாகத்தான், பின்னால் போய்விட்டது. கொட்டாவியா என்று கேட்பான், கேட்கட்டும் என்று நின்றேன். அவன் சிரித்துக்கொண்டே பந்தை எடுக்க ஓடினான்.

6.30. திரும்பும் பஸ்ஸில் அக்காவுக்குப் போன் போட்டான். "வெயிலுதான்க்கா. மாமாவே கண்ணால பாத்துட்டாரு."

டாஸைப் பற்றி மூச்சு விடவில்லை. இனியும் விடமாட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த விசேஷம் வரை பொறுக்க முடியாததால் இங்கேயே எழுதிவிடுகிறேன்: அந்தக் கோலை விட்டது நான்.