ஐந்து டப்பாவும் ஒரே வயிறும்

ஊரார் மலத்தைத் தகர டப்பாவில் வாங்கிவந்து டிஸ்பென்சரியில் சேர்ப்பதுதான் என் தொழில். என்ன வேலை என்று யாராவது கேட்டால் ‘சுகாதாரம்’ என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். சென்ட்ர் டி ஃப்ளாக் டவுனிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம், சுற்றிலும் கரும்பு, நடுவில் எங்கள் ஊர். ஆறாவது வரை படித்தேன். கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு டப்பாக் கூடையோடு கிளம்புவேன். வயிறு என்று ஒன்று இருக்கிற எல்லோரும் என்னைப்போல அவஸ்தைப்பட்டவர்கள்தானே, அதனால் கூச்சமில்லாமல் எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பேச்சில் பாதி இந்தத் தீவின் கிரியோல் மொழி. இங்கே எல்லாவற்றையும் தமிழில் போட்டிருக்கிறேன்.

முற்றத்தில் கட்டிய கயிறு

டிஸ்பென்சரியைப் பார்த்துக்கொள்கிறவர் மிசே ஆந்த்ரே. மிசே என்றால் எங்களுக்கு ஐயா, மதாம் என்றால் அம்மா. மருந்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குக் குடலைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொன்னார். சுவரில் படம் இருந்தது; அதைப் பார்த்தால் எல்லோரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். நான் மாட்டுக்கயிறு ஒன்றை இருபது அடிக்கு மேல் அளந்து மாமரத்திலிருந்து வாசல் கம்பம் வரை கட்டி, இதுதான் நம் சிறுகுடல் என்றேன். வாயில் மென்றதை இரைப்பை கூழாக்கி அனுப்புகிறது. அந்தக் கூழ் இந்தக் கயிறு நீளத்துக்கும் மெல்ல ஊர்ந்து போகும்போது சத்தெல்லாம் ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. அப்புறம் பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளுகிறது.

கயிற்றின் முதல் பாகத்தில் ஒரு முள்ளைக் குத்திக் காட்டினேன். இதுதான் கொக்கிப்புழு. கண்ட இடத்தில் வெளிக்குப் போனால் அந்த மண்ணில் வளரும், வெறுங்காலில் ஏறும், ரத்தத்தோடு சுற்றி நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு வந்து, எச்சிலோடு உள்ளே இறங்கி, குடலைக் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும். கக்கூஸ் கட்டுங்கள், செருப்புப் போடுங்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று முடித்தேன். முன்வரிசையில் இருந்த அம்மாள் கயிற்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அதானே, எங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு போட்டாலும் நிறையறதே இல்லை.”

சர்தார் வீட்டு வாசல்

டப்பா வேலை இப்படி நடக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வீடு ஆளுக்கொரு டப்பா, மேலே பெயர் ஒட்டிக் கொடுப்பேன். மறுநாள் விடிந்ததும் போய், அவரவர் கையால் வாங்கி, நோட்டில் பெயருக்கு எதிரே ஒரு கோடு போடவேண்டும். டப்பாக்கள் பரிசோதனைக்கு டவுனுக்குப் போகும்.

சின்னசாமி சர்தார் கரும்புத் தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கிறவர். வீட்டில் ஐந்து பேர்: அவர், மனைவி, இரண்டு மகன்கள், மூத்தவன் மனைவி பார்வதி. அன்று காலை ஐந்து டப்பாவும் வாசலில் பலகைமேல் வரிசையாக இருந்தன. ஐந்திலும் ஒரே நிறம், ஒரே தக்காளித் தோல். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் பார்வதி நின்றிருந்தாள். நான்கு மாதம் அவளுக்கு. முன்பே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள். உதடு வெளுத்திருந்தது. அவளைக் கேட்டிருக்கலாம். கேட்காமல், சிரித்துக்கொண்டே ஐந்து கோடும் போட்டுவிட்டேன். சர்தார் பூட்ஸ் காலோடு நிமிர்ந்து நின்று விளக்கம் சொன்னார்: “எங்க வீட்டுப் பொம்பளைங்களோடது டப்பாவில ஊர்வலம் போறதாம்மா? அஞ்சையும் நானே கொடுத்துட்டேன். எல்லாரும் ஒரே சட்டிச் சோறுதானே சாப்பிடறோம்.”

அடுப்பு மண்

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. சர்தார் வீட்டில் ஐந்து பேருக்கும் சுத்தம். அந்த வீட்டில் பூட்ஸ் போடுகிறவர் அவர் ஒருவர்தான். மற்ற நால்வரும் வெறுங்காலில் கரும்புக்குள் போய்வருகிறவர்கள். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொடுக்கப் போனபோது பார்வதி அடுப்பின் பக்கச் சுவரைச் சுரண்டி மண்ணை வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். விரல் நகங்கள் கரண்டிபோலக் குழிந்திருந்தன. குழாயடியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் கொண்டுவர மூன்று இடத்தில் உட்கார்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இது புழுவாக இருக்கும், இன்னொரு தரம் பார்த்துவிடலாம் என்று அவள் மாமியாரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். அந்த அம்மாள் காகிதத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்: “பிள்ளைத்தாச்சிக்கு மண்மேல ஆசை வராதா? சுத்தம்னு இதிலே எழுதியிருக்கு. நீ இதை எழுதினவங்களைவிடப் படிச்சவளா?”

மூன்று வாரம்

மிசே ஆந்த்ரேயிடம் போனேன். போனேனே தவிர, பாதிதான் சொன்னேன். பார்வதி வெளுத்திருக்கிறாள், மூச்சு வாங்குகிறது என்றேன். அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, கர்ப்பத்தில் சிலருக்கு அப்படித்தான், கீரையும் பருப்பும் நிறையச் சாப்பிடச் சொல் என்றார். குடலில் புழு குடித்துக்கொண்டிருக்கும்போது எத்தனை கீரை போட்டு என்ன?

கோடு நான் பொய்யாகப் போட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும். கரும்பு வெட்டு முடிந்து என் வீட்டுக்காரர் அப்போது சும்மா இருந்தார். தெருவில், தீவுக்குச் சுதந்திரம் வேண்டும், வேண்டாம் என்று மைக் கட்டின கார்கள் சுற்றிக்கொண்டிருந்தன. நான் ஒரு வாக்கியத்தை விழுங்கிக்கொண்டு மூன்று வாரம் நடந்தேன். இரண்டாவது முறை மிசே ஆந்த்ரேயிடம் இழுத்தபோது பொறுமையாகவே கேட்டார்: “மதாம், காகிதத்தில் புழு இல்லை. காகிதத்தை நம்ப மாட்டோம் என்றால் நாம் இரண்டு பேரும் இங்கே எதற்கு உட்கார்ந்திருக்கிறோம்?”

என் வீட்டுக் கக்கூஸ்

பார்வதி குழாயடியில் மயங்கி விழுந்தாள் என்று கேள்விப்பட்டதும்தான் எனக்குப் புத்தி வந்தது. என் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று அவள் மாமியாரிடம் சாக்குச் சொல்லி என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். டப்பாவைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கக்கூஸுக்குள் போனாள்.

அதை எடுத்துக்கொண்டு போய் மிசே ஆந்த்ரேயின் மேஜையில் வைத்து, ஐந்து கோட்டின் கதையையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. நோட்டைத் திறந்து, பேனாவை என் கையில் கொடுத்து, ஐந்து கோட்டையும் என் கையாலேயே அடித்துவிடச் சொன்னார். அவசரம் என்று அவர் எழுதி அனுப்பியதால் நாலு நாளில் டவுனிலிருந்து பதில் வந்தது: எண்ணி முடியாத அளவுக்குப் புழு முட்டை. உடனே மருந்து கொடுப்பார் என்று நினைத்தேன். அந்த மருந்தை வெறும் வயிற்றில் குடித்து, மேலே பேதி உப்பும் சாப்பிடவேண்டும். ரத்தமே இல்லாத உடம்பு, அதிலும் பிள்ளையைச் சுமக்கிற உடம்பு, தாங்காது என்றார். முதலில் இரும்புச்சத்து மாத்திரை. பொட்டலம் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “இது ரத்தமாக வாரக்கணக்கு ஆகும், மதாம். பிள்ளை அதுவரை காத்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது.”

ஏழாம் மாதம்

காத்திருக்கவில்லை. ஏழாம் மாதத்தில் பெண்ணாகப் பிறந்து, ஒரு காலைப்பொழுது மூச்சுவிட்டுப் போய்விட்டது. பார்வதிக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். தேறிய பிறகு புழு மருந்தும் கொடுத்தார்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் பார்த்ததில் மூன்று பேருக்குப் புழு, சர்தாருக்கு மட்டும் இல்லை. அவர் அதற்கப்புறம் என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போனார். நானும் தலையைக் குனிந்துகொள்வேன்.

வேலை போகவில்லை. மிசே ஆந்த்ரே யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஆனால் பார்வதியிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. குழாயடியில் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது, அன்று தெரிந்தே ஐந்து கோடு போட்டதையும், மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொல்லி முடித்தேன். அழுவாள், அடிப்பாள் என்று எதற்கும் தயாராகத்தான் நின்றேன். வாளி நிரம்பியதும் அவள் குழாயை மூடினாள். “ஆம்பளைங்க வேலைக்குப் போன பிறகு வந்திருந்தா நானே கொடுத்திருப்பேனேக்கா,” என்றாள். “மாமா எதிரில நின்னு டப்பா கொடுங்கன்னு நான் எப்படிக் கேட்பேன்?”

இப்போதெல்லாம் பெண்களின் டப்பாவை வாங்க, கடைசி ஆணும் கரும்புக்குள் இறங்கி மறைந்த பிறகுதான் கூடையோடு தெருவில் கால் வைக்கிறேன். மனிதக் குடலைப் பற்றி நான் கற்றதில் எந்த டாக்டரும் சொல்லித் தராத பாடம் இது ஒன்றுதான்.